கொசுறு எங்கே போச்சு?



போன வாரம் எங்கள் தெருமுனைக் காய்கறிக் கடையில் ஒரு சின்னத் தகராறு. அரை கிலோ கத்தரிக்காயும் கால் கிலோ வெண்டைக்காயும் எடை போட்டு வாங்கிய ஓர் அம்மா, "ஒரு இணுக்கு கறிவேப்பிலை போடுப்பா" என்றார். "பத்து ரூபாய்க்குக் குறைஞ்சு கறிவேப்பிலை இல்லம்மா" என்றார் கடைக்காரர்.

"கறிவேப்பிலைக்குமா காசு?"

அந்த அம்மா கோபமாகக் கேட்கவில்லை. வருத்தமாகத்தான் கேட்டார். கடைக்காரர் மேலும் தப்பு சொல்ல முடியாது. அவருக்கும் அது மொத்த மார்க்கெட்டிலிருந்து காசுக்குத்தான் வருகிறது. இரண்டு பேருமே பாவம் என்று நினைத்துக்கொண்டு நான் பத்து ரூபாயைக் கொடுத்து ஒரு கொத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

வழியெல்லாம் ஒரே ஒரு சொல்தான் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கொசுறு!

இன்றைய பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தச் சொல் தெரியும்? என் அம்மா காலத்தில் கூடைக்காரம்மா வாசலில் வந்து உட்காருவார். அரை மணி நேரம் பேரம் நடக்கும். "உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம்" என்று ஒரு விலை படியும். காசு கைமாறிய பிறகும் அம்மா எழுந்திருக்க மாட்டார். முறத்தை அப்படியே நீட்டிக்கொண்டிருப்பார். கூடைக்காரம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டே நாலு பச்சை மிளகாய், கொஞ்சம் கறிவேப்பிலை, ஒரு துண்டு இஞ்சி என்று அள்ளிப் போடுவார். அன்றைக்கு ரசத்துக்குத் தாளிக்க வேண்டியது அத்தனையும் அதிலேயே வந்துவிடும்.

கொசுறில் எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? அது தானம் இல்லை. வாங்குகிறவர் உரிமையோடு கேட்பார், விற்கிறவர் அலுத்துக்கொண்டே போடுவார். கேட்கக் கூச்சமில்லை, கொடுத்ததில் பெருமையும் இல்லை. வியாபாரத்துக்குள்ளேயே ஒரு ஈரம் இருந்தது.

என் தங்கை மகள் அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறாள். சனிக்கிழமைகளில் சந்தைக்குப் போகிற வழியில் எனக்குப் போன் போடுவாள். அவளுக்குக் காலை, நமக்குச் சாயங்காலம். இந்தக் கறிவேப்பிலைக் கதையை அவளிடம் சொன்னேன்.

"பெரியம்மா, இங்க சந்தையில ஒரு மேஜை போட்டிருக்காங்க. நம்ம ரேஷன் கார்டு மாதிரி ஒண்ணு வச்சிருக்கிறவங்க அங்க போய், கார்டைத் தேய்ச்சு பத்து டாலருக்கு வில்லை வாங்கினா, இன்னொரு பத்து டாலருக்கு வில்லை சும்மாவே தர்றாங்க. அதை வச்சு காயும் பழமும் மட்டும்தான் வாங்க முடியும்."

"அப்போ கொசுறுன்னு சொல்லு!"

சிரித்தாள். "ஆமா பெரியம்மா. பத்துக்குப் பத்து கொசுறு."

அன்று இரவே உட்கார்ந்து இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் பாதியையாவது உங்களோடு பகிர்ந்துகொள்ளாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களுக்கு உணவு வாங்க அரசாங்கம் மாதாமாதம் ஒரு தொகை தருகிறது. அதன் பெயர் ஸ்நாப். 2008-க்கு முன்னால் ஃபுட் ஸ்டாம்ப் என்பார்கள். நம் ரேஷன் போல அரிசியாகவும் பருப்பாகவும் வராது. ஒரு கார்டில் பணம் ஏறும். சாப்பாட்டுப் பொருள் மட்டும் வாங்கலாம். சோப்பு வாங்க முடியாது, மது வாங்க முடியாது, சுடச்சுடச் சமைத்த சாப்பாடுகூட வாங்க முடியாது. பணக்கார நாடு என்று நாம் நினைக்கிற அந்த ஊரில் சுமார் 4 கோடிப் பேர் இதை நம்பியிருக்கிறார்கள்.

கார்டில் பணம் இருந்தால் போதுமா? கையில் கொஞ்சப் பணத்தை வைத்துக்கொண்டு நாலு வயிற்றை நிரப்ப வேண்டிய அம்மா எதை வாங்குவார்? வயிறு நிறைகிறதைத்தான் வாங்குவார். ரொட்டி, நூடுல்ஸ், டின்னில் அடைத்தது. ஒரு பெட்டி ஸ்ட்ராபெரி வாங்குகிற காசில் ரெண்டு நாள் சாப்பாடு முடிந்துவிடும் என்றால் ஸ்ட்ராபெரி எப்படிக் கூடைக்குள் வரும்? இதில் அமெரிக்க அம்மா என்ன, ஆண்டிப்பட்டி அம்மா என்ன? கணக்கு ஒன்றுதான்.

இதைச் சரிசெய்ய யோசித்தவர்களில் ஒருவர் கஸ் ஷூமேக்கர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வேளாண்மைத் துறையிலும் பிறகு மத்திய வேளாண் துறையிலும் பெரிய பொறுப்புகளில் இருந்தவர். விவசாயக் குடும்பத்துக்காரர். அவர் பலமுறை சொன்ன ஒரு சம்பவம் உண்டு. 1980 வாக்கில், பாஸ்டன் நகரின் டார்செஸ்டர் பகுதிச் சந்தையில் தம்பியின் பண்ணையில் விளைந்த பேரிக்காய்களை விற்கப் போயிருந்தார். சந்தை முடிந்து மிச்சப் பெட்டிகளை வண்டியில் ஏற்றும்போது ஒரு பெட்டியின் அடிப்பலகை பிய்ந்து பழங்கள் தெருவில் உருண்டன. ஒரு பெண்மணியும் அவருடைய பிள்ளைகளும் குனிந்து அவற்றைப் பொறுக்கினார்கள். பேச்சுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது, அந்த அம்மா ஃபுட் ஸ்டாம்ப் வாங்குகிறவர். பிள்ளைகளுக்குப் புதுப் பழம் வாங்கிக் கொடுக்க அவருக்குக் கட்டுப்படியாகவில்லை.

யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் விற்காமல் திரும்பிப் போகிற பழம். இன்னொரு பக்கம் பழம் கிடைக்காத பிள்ளைகள். இரண்டும் ஒரே தெருவில், பத்தடி இடைவெளியில்!

அந்தப் பேரிக்காய்களை அவர் மறக்கவில்லை. மாசசூசெட்ஸில் 1986-ல் கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகள் வைத்திருக்கிற ஏழைத் தாய்மார்களுக்கும் உழவர் சந்தையில் மட்டும் செல்லுபடியாகிற கூப்பன்கள் கொடுக்கத் தொடங்கினார்கள். 1992-ல் அது நாடு முழுவதற்கும் சட்டமானது. 2017-ல் அவர் காலமானார். அடுத்த ஆண்டு நிறைவேறிய வேளாண் சட்டத்தில், ஏழைகளின் காய் பழத்துக்கு ஊக்கத்தொகை தருகிற மத்தியத் திட்டத்துக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள்.

ஆனால் 'வாங்கினால் கூடுதலாகக் கிடைக்கும்' என்கிற யோசனை அதற்கும் மூத்தது. 1939-ல் நியூயார்க் மாநிலத்து ரோசெஸ்டர் நகரில் முதன்முதலாக ஃபுட் ஸ்டாம்ப் வந்தபோதே அதில் கொசுறு இருந்தது. ஏழைக் குடும்பங்கள் காசு கொடுத்து ஆரஞ்சு நிற ஸ்டாம்ப் வாங்கும். ஒரு டாலருக்கு ஆரஞ்சு வாங்கினால் அரை டாலருக்கு நீல ஸ்டாம்ப் இலவசம். ஆரஞ்சைக் கொடுத்து எந்த உணவுப்பொருளும் வாங்கலாம். நீலத்துக்கு, விவசாயிகளிடம் விற்காமல் தேங்கிக் கிடக்கிற பொருட்கள் மட்டும்தான். பசித்தவர் வயிறும் நிறைந்தது, தேங்கின சரக்கும் நகர்ந்தது. போர்க்காலத்தில், 1943-ல் அதை நிறுத்திவிட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ராயக்கோட்டைத் தக்காளி ஞாபகம் வந்தது. விலை அடிமாட்டு விலைக்குப் போனால் பறிக்கிற கூலிகூடத் தேறாது என்று வண்டி வண்டியாகச் சாலையோரம் கொட்டுகிற படங்களை வருடா வருடம் பேப்பரில் பார்க்கிறோமே. ஒட்டன்சத்திரத்துக் காய்கறி மார்க்கெட்டைப் பற்றியும் இதே மாதிரிச் செய்தி வரும். அதே வாரம் எத்தனையோ வீடுகளில் தக்காளி இல்லாமல் புளியை மட்டும் கரைத்து ரசம் வைத்திருப்பார்கள்.

சரி, மறுபடி அமெரிக்காவுக்கு வருவோம். நல்ல திட்டம் ஒன்றை ஒரு சின்ன மெஷின் எப்படிப் படுத்தி வைத்தது என்று சொல்ல வேண்டும்.

ஃபுட் ஸ்டாம்ப் காகிதமாக இருந்தவரை சந்தையில் பிரச்சினை இல்லை. கத்தரிக்காய் விற்கிற விவசாயி அதை வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொள்வார். பிறகு காகிதத்தை எடுத்துவிட்டு கார்டு கொண்டுவந்தார்கள். 2004-க்குள் நாடு முழுக்கக் கார்டு. நல்ல மாற்றம்தான். கூப்பனைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பேர் முன்னால் நிற்கிற கூச்சம் போயிற்று. ஆனால் கார்டைத் தேய்க்க மெஷின் வேண்டும். மெஷினுக்குக் கரண்ட் வேண்டும், போன் லைன் வேண்டும். மரத்தடியில் கூடாரம் போட்டு விற்கிற விவசாயி இவற்றுக்கெல்லாம் எங்கே போவார்? ஏழைகள் சந்தைக்கு வருவதே குறைந்துபோயிற்று. யாரும் வராதே என்று சொல்லவில்லை. மெஷின் சொல்லாமல் சொல்லிவிட்டது.

இதற்குச் சந்தைக்காரர்கள் கண்டுபிடித்த வழிதான் என் தங்கை மகள் பார்த்த மேஜை. கடைக்கு ஒரு மெஷின் எதற்கு? சந்தைக்கே ஒன்று போதும். அங்கே கார்டைத் தேய்த்து வில்லைகளாக வாங்கிக்கொள்ளலாம். பல சந்தைகளில் மர வில்லைதான், நம் பிள்ளைகள் விளையாடுகிற கேரம் காய் மாதிரி. அதைக் கொடுத்து எந்தக் கடையிலும் காய் வாங்கலாம். சந்தை முடிந்ததும் விவசாயிகள் வில்லைகளை எண்ணிக் கொடுத்துப் பணமாக்கிக்கொள்வார்கள். ராக்கெட் விடுகிற நாட்டில் கடைசியில் கைகொடுத்தது மரவில்லை!

அந்த மேஜையிலேயே கொசுறும் சேர்ந்துகொண்டது. நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை 2005-ல் தொடங்கியது. கார்டில் 5 டாலருக்கு வாங்கினால் காய் பழத்துக்கு 2 டாலர் கூப்பன். பிறகு பத்துக்குப் பத்து என்று நேர் இரட்டிப்பாகக் கொடுக்கிற திட்டங்கள் வந்தன. அதில் பெரிய பெயர் எடுத்தது டெட்ராய்ட் நகரில் 2009-ல் 5 சந்தைகளில் தொடங்கிய 'டபுள் அப் ஃபுட் பக்ஸ்'. கார் தொழிற்சாலைகள் மூடி, வேலை போய், பெரிய சூப்பர் மார்க்கெட்காரர்களே கடையைக் கட்டிக்கொண்டு கிளம்பிய ஊர் அது. ஒரு நாளைக்கு 20 டாலர் வரை இரட்டிப்பு. சந்தையில் கிடைக்கிற அந்த இரட்டிப்புக் காசு மிச்சிகன் மண்ணில் விளைந்த காய்க்கும் பழத்துக்கும்தான். ஏழை வீட்டுக்கு வருகிற காசு, சுற்றி அந்த மாநிலத்து விவசாயி கைக்கே போக வேண்டும் என்கிற கணக்கு. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். 2014-ல் மத்திய அரசே இப்படிப்பட்ட திட்டங்களுக்காக 5 ஆண்டுகளுக்கு 10 கோடி டாலர் ஒதுக்கியது. 2018-ல் அது 25 கோடியானது.

இதெல்லாம் பலன் தந்ததா? நீங்கள் கேட்பீர்கள், நானும் கேட்டேன். மாசசூசெட்ஸின் ஹாம்ப்டன் கவுன்ட்டியில் 2011, 2012-ல் முறையாக ஒரு சோதனை செய்து பார்த்திருக்கிறார்கள். குலுக்கல் முறையில் 7,500 குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து, காய் பழத்துக்குச் செலவழித்த ஒவ்வொரு டாலருக்கும் 30 சென்ட் கார்டிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். மற்றவர்களைவிட அந்தக் குடும்பத்துப் பெரியவர்கள் 26 சதவீதம் கூடுதலாகக் காயும் பழமும் சாப்பிட்டார்கள். கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அளவாகப் பார்த்தால் நாளைக்குக் கால் கப்தான் கூடுதல், ஒரு கரண்டிப் பொரியல். ஆனால் யாரையும் உட்காரவைத்து வகுப்பு எடுக்காமல், காய் சாப்பிடு காய் சாப்பிடு என்று காதில் ஓதாமல், விலையைக் கொஞ்சம் இறக்கியதாலேயே வந்த ஒரு கரண்டி அது.

நாம் வகுப்பு எடுக்கிறவர்கள் இல்லையா! "அவங்களுக்குச் சத்தானது எதுன்னு தெரியாது, பிள்ளைகளுக்கு அஞ்சு ரூபாய் சிப்ஸ் வாங்கிக் கொடுத்துடறாங்க" என்று எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறேன். நானே சொல்லியிருக்கிறேன், மறைப்பானேன்? ஒரு தடவை எங்கள் வீட்டில் வேலைக்கு உதவியாக இருப்பவரிடமே சொல்லிவிட்டேன். அவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் பதில் சொன்னார்.

"அரிசி ரேஷன்ல வந்துடுதுக்கா. பசின்னு ஒண்ணு இல்ல. காய் வாங்குறது ஞாயித்துக்கிழமைதான். சாயங்காலம் கூறு கட்டி வைப்பாங்கல்ல, அதுல ரெண்டு கூறு. புதன்கிழமைக்குள்ள தீந்துடும். அப்புறம் ரசம், ஊறுகா, முட்டை. பிள்ளை அழுதா அஞ்சு ரூபாய்க்கு ஆப்பிளா கிடைக்கும்? சிப்ஸ்தான் கிடைக்கும்."

நான் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

அவர் சொன்னதைக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், ஒருவர் ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம் சாப்பிட வேண்டும் என்கிறது. அவர் வீட்டில் நாலு பேர். நாளைக்கு 1,600 கிராம் காய். சராசரியாகக் கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 64 ரூபாய். மாதத்துக்கு 1,920. பழத்துக்கு வெறும் வாழைப்பழமே வாங்கினாலும் ஒரு 600 ரூபாய். ஆகமொத்தம் 2,500 ரூபாயைத் தொடுகிறது. அரிசிக்கு எத்தனை? பூஜ்யம்.

நான் அரிசியைக் குறை சொல்லவில்லை. 2011-லிருந்து தமிழ்நாட்டில் ரேஷன் அரிசிக்கு விலை இல்லை. நம் ஊரில் பட்டினி என்ற சொல் வீடுகளை விட்டு விலகியதற்கு அந்த அரிசிக்குப் பெரிய பங்கு உண்டு. எந்த மேதாவி வந்து என்ன சொன்னாலும் நான் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் பசி போன இடத்தில் இப்போது வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐ.சி.எம்.ஆரின் ஆய்வின்படி நம் மாநிலத்துப் பெரியவர்களில் 14 சதவீதத்துக்கு மேல் நீரிழிவு. தட்டு நிறையச் சோறு, ஓரமாக ஒரு துளி தொட்டுக்கொள்ள. இந்தத் தட்டை நம்மில் யார் பார்த்ததில்லை?

இப்போது உங்களுக்குத் தோன்றியிருக்கும். "உழவர் சந்தை நம்மகிட்டேயும் இருக்கே?"

இருக்கிறது. பெருமைப்படும்படியாகவே இருக்கிறது. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் அன்றைய முதல்வர் கருணாநிதி முதல் உழவர் சந்தையைத் திறந்துவைத்தார். பஞ்சாபில் 1987-லேயே 'அப்னி மண்டி' வந்துவிட்டது. ஆந்திராவில் அதே 1999 தொடக்கத்தில் 'ரைத்து பஜார்'. அவற்றைப் பார்த்துத்தான் நம்முடையதும் வந்தது. ஆனாலும் நாம் செய்தது நேர்த்தியாக இருந்தது. விவசாயிக்கு அடையாள அட்டை, கடைக்கு வாடகை கிடையாது, தராசு இலவசம், மூட்டையோடு அரசுப் பஸ்ஸில் வரலாம். தினமும் காலையில் மொத்த விலையை விசாரித்து, அதைவிடக் கொஞ்சம் கூட்டி, வெளிக்கடை விலையைவிடக் கொஞ்சம் குறைத்து, பலகையில் எழுதிப்போடுவார்கள். பேரம் இல்லை. 2001-ல் ஆட்சி மாறியதும் வாடியது, பிறகு மறுபடி தளிர்த்தது. இன்று மாநிலம் முழுக்க 180-க்கும் மேல்.

கோவை ஆர்.எஸ். புரம், சேலம் சூரமங்கலம், ஈரோடு சம்பத் நகர் என்று போன ஊரிலெல்லாம் நான் உழவர் சந்தைக்குப் போவதுண்டு. ஆறு மணிக்கே களைகட்டியிருக்கும். பனி ஈரம் காயாத கீரைக்கட்டு, மண்ணோடு சின்ன வெங்காயம், காம்பு பச்சையாக இருக்கிற கத்தரிக்காய். பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். வாங்குகிறவர்களையும் பார்ப்பேன். நடைப்பயிற்சி முடித்துவிட்டு வருகிற ஓய்வுபெற்ற ஆசிரியர், ஸ்கூட்டியில் வருகிற பேங்க் ஊழியர், என்னைப் போல ஒரு துணிப்பையோடு வருகிறவர்கள். எங்கள் வீட்டு உதவியாளர் போன்றவர்களை நான் அங்கே அதிகம் பார்த்ததில்லை.

ஏன்? அவர்களுக்குக் காலை ஆறு மணி என்பது வேலைக்குக் கிளம்புகிற நேரம். கையில் காசு வருகிற நேரம் சாயங்காலம். உழவர் சந்தை பெரும்பாலும் மதியத்துக்குள் முடிந்துவிடும். காசு வரும்போது சந்தை இல்லை, சந்தை இருக்கும்போது காசு இல்லை. அதனால்தான் தள்ளுவண்டி, அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைக் கூறு. போக வர பஸ்ஸுக்கும் அலைச்சலுக்கும் ஆகிற செலவைக் கூட்டினால், கிலோவுக்கு ஐந்து ரூபாய் மிச்சம் என்பது மிச்சமே இல்லை.

ஆக, நம்மிடம் இரண்டு நல்ல விஷயங்கள் இருக்கின்றன. ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒரு ஸ்மார்ட் கார்டு. ஊருக்கு ஊர் ஓர் உழவர் சந்தை. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே இல்லை. ரேஷன் கடையில் பருப்பு உண்டு, பாமாயில் உண்டு, காய் கிடையாது. எப்போதாவது வந்ததுண்டு. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, சென்னையில் 82 ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றார்கள். க்யூவில் நின்று வாங்கினோம். விலை இறங்கியதும் எல்லோரும் அதை மறந்துவிட்டோம்.

ரேஷன் கடையிலேயே காய் விற்கட்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. அழுகிப் போகிற பொருளை அங்கே கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். நான் கேட்பது வேறு. அந்த ஸ்மார்ட் கார்டை உழவர் சந்தை வாசலில் ஒரு மேஜையில் நீட்டினால் என்ன? நூறு ரூபாய் கட்டினால் இருநூறு ரூபாய்க்குக் காய் வாங்க ஒரு டோக்கன். மாதத்துக்கு இரண்டு தடவை. அவ்வளவுதான்.

முதலில் அந்தியோதயா கார்டுக்காரர்களோடு ஆரம்பிக்கலாம். இருக்கிறவர்களிலேயே மிகவும் இல்லாதவர்கள் என்று அரசாங்கமே அடையாளம் கண்டவர்கள். தமிழ்நாட்டில் சுமார் 18 லட்சம் குடும்பங்கள். எல்லோருமே மாதம் தவறாமல் வந்து வாங்கினாலும், குடும்பத்துக்கு 200 ரூபாய் வீதம் மாதம் 36 கோடி, ஆண்டுக்கு 432 கோடி. பெரிய தொகைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உணவு மானியத்துக்கு நம் மாநிலம் ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடிக்கு மேல் ஒதுக்குகிறது. அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இது அந்தக் காலத்துக் கூடைக்காரம்மா போட்ட கறிவேப்பிலை அளவுதான்.

"கையில ரொக்கமாவே கொடுத்துடலாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. மகளிர் உரிமைத்தொகை மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது, அதை எதற்குச் செலவு செய்வது என்று பெண்களுக்குத் தெரியாதா என்ன? தெரியும். அந்தப் பணத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் ரொக்கத்துக்கு வீட்டில் நூறு வாய். கேஸ் சிலிண்டர், ஸ்கூல் வேன், மாமியாரின் மாத்திரை, தவணை. அந்த வரிசையில் காய் எப்போதுமே கடைசி ஆள். காய்க்கு மட்டும் செல்கிற காசு என்றால், அந்த அம்மா அதை வேறு எதற்கும் கொடுக்க முடியாது. வேறு யாரும் அவரிடமிருந்து பிடுங்கவும் முடியாது. இந்த இரண்டாவது காரணம் ஏன் முக்கியம் என்று பெண் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு கேள்விக்குத்தான் என்னால் சுலபமாகப் பதில் சொல்ல முடியவில்லை. விவசாயி என்ற பெயரில் வியாபாரி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வார் என்கிற குறை உழவர் சந்தை தொடங்கிய நாளிலிருந்தே இருக்கிறது. இதில் இரட்டிப்புக் காசும் சேர்ந்தால்? டோக்கனைப் பாதி விலைக்கு விற்றுவிட்டுப் போகிறவர்கள் முளைக்க மாட்டார்களா? முளைப்பார்கள். அமெரிக்காவிலும் உணவு உதவியைக் காசாக்கிய கடைகளைப் பிடித்துத் தண்டித்திருக்கிறார்கள். இருந்தாலும் ரேஷன் அரிசி கடத்தப்படுகிறது என்பதற்காக நாம் ரேஷனை மூடினோமா என்ன? கைரேகை, மெஷின் என்று ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டுதானே வருகிறோம்?

எனக்கு அதைவிடப் பெரிய கவலை நேரம்தான். சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை, வாரத்தில் இரண்டு நாளாவது சந்தை திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கொசுறும் நடைப்பயிற்சிக்காரர்கள் கூட்டத்திலேயே நின்றுவிடும். உழவர் சந்தை இல்லாத ஊர்களில் வாரச்சந்தை இருக்கிறது. கிராமத்து ஏழைகளுக்கு அதுதான் சொந்தச் சந்தை. மேஜையை அங்கேயும் போடலாம். டவுன் ஆட்களுக்கு மட்டும் என்று ஆகிவிடக் கூடாது.

அந்த மேஜையில் உட்கார்கிறவர் எப்படிப் பேசுவார் என்பதும் இருக்கிறது. அமெரிக்காவில் ஆரம்பத்தில் பல ஏழைகள், 'இது காசுள்ளவங்க வர்ற இடம், நமக்கு இங்க என்ன வேலை' என்று சந்தைப் பக்கமே வராமல் இருந்தார்களாம். வில்லையைக் கையில் வாங்கியபிறகு அவரும் மற்றவர்களைப் போல ஒரு வாடிக்கையாளர், அவ்வளவுதான். எந்தத் தக்காளி நல்லது என்று அழுத்திப் பார்ப்பார், பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போவார். இலவசமாக ஒரு பையில் போட்டுக் கொடுத்தால் அழுத்திப் பார்க்க முடியுமா?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு உதவியாளரிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் கடைசியில், "நூறு ரூபாய்க்கு இருநூறுன்னா, முருங்கைக்காய் வாங்குவேன்க்கா. இப்பல்லாம் அதைத் தொட முடியல. பெரியவனுக்கு அதுன்னா உயிரு" என்றார். நான் கீரை என்று சொல்வார் என எதிர்பார்த்திருந்தேன். சாம்பாரில் முருங்கைக்காய்! பிள்ளைக்குப் பிடிக்கும் என்பதைத் தவிர வேறு காரணமே இல்லாமல் ஒரு காயை வாங்குகிற வசதி நமக்கெல்லாம் எத்தனை இயல்பாக வாய்த்திருக்கிறது.

உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். வரும் திங்கள் முதல் ஞாயிறு வரை உங்கள் வீட்டில் காய்க்கும் பழத்துக்கும் எவ்வளவு செலவானது, எங்கே வாங்கினீர்கள், விலை கேட்டுவிட்டு வாங்காமல் வைத்த காய் எது என்று ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்பவர்களிடமும் கேட்டு, அவர்கள் சம்மதித்தால், பெயர் போடாமல் அவர்கள் கணக்கையும் சேர்த்து எழுதுங்கள். உழவர் சந்தையில் விற்கிற விவசாயிகள் நம் வாசகர்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். சாயங்காலமும் கடை போட முடியுமா, டோக்கன் வாங்கிக்கொள்ளச் சம்மதமா என்று நீங்கள் எழுதினால் எனக்கு இன்னும் தெளிவு கிடைக்கும். வந்த கடிதங்களைத் தொகுத்து இந்த இதழில் போடுவதோடு, வேளாண்மைத் துறைக்கும் உணவுத் துறைக்கும் அனுப்பிவைக்கிறேன்.

எங்கள் வீட்டுக் கணக்கை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். நாலு பேருக்குப் போன வாரம் காய் 540 ரூபாய், பழம் 260. விலை கேட்டுவிட்டு வைத்தது பீன்ஸ். கறிவேப்பிலைக்குத் தனியாகப் பத்து ரூபாய்.

அன்புடன்,
ஆசிரியர்